அடிவயிற்றைப் பார்த்து வாங்குங்கள்: சைக்கிள் கேள்வி பதில்

வாடகை சைக்கிள் கடைகள் காணாமல் போனதைப் பற்றிப் போன மாதம் இந்தப் பக்கத்தில் நாலு வரி எழுதினாலும் எழுதினேன், வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய சைக்கிள் வாங்குவதைப் பற்றித்தான். சித்தப்பாவின் வாடகை சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டி வளர்ந்தவன் என்று சொல்லிக்கொண்டதன் பலன். பேர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டிருப்பதால் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். வீட்டுக்குத் தெரியாமல் வாங்குகிறார்கள் போலிருக்கிறது.

கேள்வி (திருவையாறு): அண்ணா, எனக்கு 26 வயது. தினமும் தஞ்சாவூருக்கு வேலைக்குப் போகிறேன், போக 13 கிலோமீட்டர், வர 13. பைக்குக்குப் பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகவில்லை. திருச்சியில் கல்லூரி முடித்து ஊருக்குக் கிளம்பும் ஒரு பையன் தன் ரோடு பைக் சைக்கிளை 9,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறான். வளைந்த ஹேண்டில்பார், ஒல்லி டயர், 14 கியர். என் கையில் மொத்தமே 10,000தான். வாங்கலாமா? போனால் எதைப் பார்ப்பது?

பதில்: வாங்கலாம் தம்பி, ஆனால் 9,000-க்கு இல்லை. கையில் பத்தாயிரத்தை வைத்துக்கொண்டு ஒன்பதாயிரத்துக்கு வண்டி வாங்குகிறவர் அடுத்த வாரமே கைமாற்று கேட்டு அலைய வேண்டியிருக்கும். பழைய வண்டிக்கு இரண்டு விலை உண்டு. விற்கிறவர் சொல்வது ஒன்று, நம் ஊர்க் கடையில் பிரித்து மாட்டி ரோட்டில் இறக்கும்போது ஆகியிருக்கும் விலை இன்னொன்று, இந்த இரண்டாவதைத்தான் பையில் இருக்கும் பணத்தோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். ஹாஸ்டல் வராந்தாவில் வெயிலும் மழையுமாக நின்ற வண்டி என்றால் டயர் இரண்டும் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள், ரப்பர் ஓடினால்தான் கெடும் என்றில்லை, நின்றாலும் பக்கவாட்டில் வெடிப்பு விடும். டயர் இரண்டு 2,000, டியூப் இரண்டு 600, செயின் 600, பிரேக் கட்டையும் கேபிளும் 700, ஓவராயில் கூலி 700 என்று தோராயமாகப் போட்டாலே 4,600 வருகிறது. கடைக்குக் கடை முன்னே பின்னே இருக்கும். ஆக உங்கள் பத்தாயிரத்தில் வண்டிக்கென்று இருப்பது ஐந்தரை. டயர் நன்றாக இருந்தால் ஏழு வரை போகலாம்.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நான் சொல்லப்போவது ஏறும். எட்டு வருஷம் முன்னால் இதே மாதிரி ஒரு பழைய ரோடு பைக் வாங்கினேன். புது நீலப் பெயிண்ட், பளபளவென்று இருந்தது, ஹேண்டில் பக்கமிருந்து பெடலுக்குச் சரிந்து இறங்குகிற கீழ்க் குழாயில் கை அகலத்துக்கு ஒரு ஸ்டிக்கர். சைக்கிள் கடையில் வளர்ந்தவன் என்ற திமிரில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிட்டேன். மூன்றாவது வாரம் அரசலாற்றுப் பாலம் இறங்கும்போது முன்பக்கம் குழைகிற மாதிரி இருந்தது. காற்று இறங்கியிருக்கும் என்று நிறுத்தி டயரை அமுக்கினால் கல் மாதிரி இருக்கிறது. வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து கவிழ்த்துப் போட்டு ஸ்டிக்கரை நகத்தால் உரித்தேன். அடியில் பட்டி பூசித் தேய்த்திருக்கிறார்கள், கார் பட்டறையில் நசுங்கின கதவுக்குப் பூசுவார்களே, அந்தப் பட்டி. வீட்டுச் சாவியால் சுரண்டினதும் துண்டு துண்டாகப் பெயர்ந்து வந்தது. ஹேண்டில் தண்டு நுழைகிற தலைக்குழாயை ஒட்டி, வெல்டிங் ஓரமாகவே, மயிரிழை மாதிரி ஒரு கோடு, குழாயின் பாதிச் சுற்றுக்கு. விற்றவரிடம் போனால் "பார்த்துத்தானே சார் வாங்கினீங்க" என்றார். பார்த்துத்தான் வாங்கினேன். மேலேயிருந்து பார்த்தேன்.

அதனால் போனதும் முதல் வேலை, வண்டியைத் தலைகீழாகக் கவிழ்ப்பது. கீழ்க் குழாயும் தலைக்குழாயும் சேருகிற இடத்துக்கு அடியில் விரலை வைத்துத் தடவுங்கள். அங்கே ஒரு சுருக்கமோ புடைப்போ இருந்தால் வண்டி எதன் மீதோ நேராகப் போய் முட்டியிருக்கிறது, பேச்சே வேண்டாம், டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள். எல்லா வெல்டிங்கையும் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். பெடல் அச்சு போகிற கூட்டுக்கு அடியில் ஃபிரேம் நம்பர் அடித்திருப்பார்கள். அது ராவப்பட்டிருந்தால் திருட்டு வண்டியாக இருக்கலாம், பில் இருக்கிறதா என்று கேளுங்கள், நம்பரையும் பில்லையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சைக்கிளுக்கு ஆர்சி புத்தகம் கிடையாது, அந்தக் காகிதம்தான் உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி. கார்பன் ஃபிரேம் என்று யாராவது ஆசை காட்டினால் பழசில் தொடாதீர்கள், உள்ளே விட்டிருக்கும் விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

அடுத்தது செயின். 12 அங்குல ஸ்டீல் ஸ்கேல் ஒன்று கொண்டு போங்கள். செயினை இழுத்துப் பிடித்து ஒரு பின்னின் நடுவில் சுழியை வைத்தால், புதுச் செயினில் சரியாகப் பன்னிரண்டாவது அங்குலத்தில் இன்னொரு பின்னின் நடு வந்து உட்காரும். ஆசாரிமார் கணக்கில் அரை நூல், அதாவது 1/16 அங்குலம் தள்ளிப் போயிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். ஒரு நூல், 1/8 அங்குலம் தள்ளியிருந்தால் அது பின்னால் இருக்கும் பல்சக்கரங்களையும் தின்று முடித்திருக்கும், புதுச் செயினைப் போட்டாலும் எழுந்து நின்று மிதிக்கும்போது வழுக்கும், அதற்கும் சேர்த்து விலையைக் குறையுங்கள். 14 கியர் என்றால் முன்னால் இரண்டு, பின்னால் ஏழு. அது ஒருவிதத்தில் உங்களுக்கு நல்லது. ஏழு, எட்டு கியர் செயினும் ஃப்ரீவீலும் சொல்லி வைத்தால் தஞ்சாவூர்க் கடைகளில் வரவழைத்துக் கொடுப்பார்கள், ஒன்பதுக்கு மேலே போகப் போக உதிரிபாகத்தின் விலை ஏறும், தேடுகிற அலைச்சலும் ஏறும்.

அப்புறம் அதே ஸ்கேலின் ஓரத்தை ரிம்மில் பிரேக் கட்டை உரசுகிற பட்டையின் மேல் வைத்துப் பாருங்கள். இடுக்கில் வெளிச்சம் நன்றாகத் தெரிந்தால், அதாவது பட்டை குழிந்திருந்தால், ரிம் ஆயுள் முடிகிறது. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் இடையில் பாருங்கள், லேசான கோட்டம் என்றால் கடையில் எடுத்துவிடலாம், மேலும் கீழுமாகத் தூக்கிப்போட்டால் அடி வாங்கின ரிம். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், லொடக்கென்றால் கழுத்து பால்ரஸ். அதை இறுக்கினால் சரியாகிவிடும் என்று விற்கிறவர் சொல்வார், பாதி நேரம் உண்மைதான், மீதி நேரம் உள்ளே குழி விழுந்திருக்கும். முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நேராக வருகிற இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுகிற மாதிரி சிக்கினால் குழிதான். பெடலைத் தாங்குகிற கை, அதாவது கிராங்க், இரண்டையும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. சீட் தண்டைத் தளர்த்தி மேலும் கீழும் நகர்கிறதா பாருங்கள், நகராத சீட் தண்டு எவ்வளவு பெரிய தலைவலி என்று நாகப்பட்டினத்துக்காரருக்குச் சொல்லியிருக்கிறேன், கீழே படியுங்கள்.

இதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். நம் ஊருக்கென்று ஒன்று இருக்கிறது, டயருக்கும் பிரேக் வளைவுக்கும் நடுவில் உங்கள் சுண்டு விரல் நுழைய வேண்டும். ரோடு பைக்கில் இந்த இடைவெளி ரொம்பக் கம்மி, சிலதில் இரண்டு ரூபாய்க் காசு நுழைவதே கஷ்டம். ஐப்பசி மழையில் டிராக்டர் வயலிலிருந்து ஏறின இடத்தில் ரோட்டில் விழுந்து கிடக்கும் வண்டல் இருக்கிறதே, அது மண் இல்லை, பசை. டயரோடு சுற்றி வந்து அந்த இடுக்கில் அடைத்து, ஐம்பது அடிக்குள் சக்கரம் நின்றுவிடும், அப்புறம் குச்சியால் நோண்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். 23 நம்பர், அதாவது 23 மில்லிமீட்டர் அகல டயர் மட்டும்தான் போகும் என்கிற வண்டி நமக்கு ஆகாது. 28 போக வேண்டும், 32 போனால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம், மட்கார்டு மாட்டத் துளை இருந்தால் இன்னும் விசேஷம்.

அளவை மறந்துவிடாதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரில் முதுகு ஒட்டி நின்று, கால் இடுக்கில் ஒரு தடித்த புத்தகத்தை மேலே அழுத்திப் பிடித்து, அதன் மேல் விளிம்பு தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து 0.67-ஆல் பெருக்குங்கள். 78 வந்தால் 52 சைஸ் ஃபிரேம். ஒன்றிரண்டு கூடக் குறைய இருந்தால் சீட்டை ஏற்றி இறக்கிச் சமாளிக்கலாம். 58 சைஸை "பழகிடும் ப்ரோ" என்று தலையில் கட்டினால் பழகாது, முதுகுதான் பழுக்கும்.

பேரம் பேசும்போது ஒன்று. அந்தப் பையன் பழைய பில்லைக் காட்டி "புதுசு இவ்வளவு" என்பான். 2025 செப்டம்பர் 22-லிருந்து சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது, அதனால் அந்தப் பில் விலையை வைத்துப் பேசாமல் இன்று கடையில் புது வண்டி என்ன விலை என்று கேட்டுக்கொண்டு போங்கள். அவன் ஊருக்குக் கிளம்புகிற தேதியையும் தெரிந்துகொள்ளுங்கள். கிளம்புவதற்கு முதல் நாள் எந்த ஹாஸ்டல் பையனும் ஒன்பதாயிரத்தில் நிற்க மாட்டான்.

உங்கள் வழியைப் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து பாலம், டெல்டாவில் நமக்கு மலை என்று இருப்பது இந்தப் பாலம் ஏறுகிற நூறடிதான். பாலம் தொடங்குகிற இடத்திலும் முடிகிற இடத்திலும் இணைப்பு இரும்புக்குக் குறுக்கே ஒரு பள்ளம் இருக்கும், ஒல்லி டயரோடு உட்கார்ந்தபடியே இறங்கினால் டியூபை ரிம் கடித்துவிடும். சீட்டிலிருந்து லேசாக எழுந்துகொள்ளுங்கள். முக்கால் மணி நேரத்தில் போய்விடுவீர்கள். லிட்டருக்கு ஐம்பது கொடுக்கிற பைக்கில் 26 கிலோமீட்டருக்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் கூட, மாதம் 25 நாளைக்கு ஏறக்குறைய 1,300 ரூபாய். எட்டு மாதத்தில் வண்டிக்குப் போட்ட பணம் வந்துவிடும், அடைமழை நாளில் பஸ்ஸில் போவீர்கள் என்பதால் ஒன்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கும்பகோணம்): சுவாமிமலையில் சிலை வார்க்கிற பட்டறை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். வீட்டிலிருந்து 8 கிலோமீட்டர். பழைய ரோடு பைக் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். நம்ம ஊர்ல மேடே கிடையாது, கியர் எதுக்கு, ஆட்டுக்கொம்பு ஹேண்டில் எதுக்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

பதில்: மேடு கிடையாது என்பது சரிதான். தஞ்சாவூரே கடல் மட்டத்துக்கு மேலே 60 மீட்டர்தான், அங்கிருந்து நாகப்பட்டினம் எண்பது கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூடச் சரிவு இல்லை. காவிரிக்கே இங்கே அவசரம் கிடையாது. ஆனால் காற்று இருக்கிறது. ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைந்து திருச்சியைத் தாண்டி வருகிற மேல்காற்று காலையில் உங்கள் மூஞ்சிக்கு நேராக அடிக்கும், ஏனென்றால் நீங்கள் போவது மேற்கே. எதிர்க்காற்றின் கணக்கு கொஞ்சம் கொடுமையானது, வேகம் இரண்டு மடங்கானால் அது உங்களைத் தள்ளுகிற தள்ளு நாலு மடங்காகும். மேட்டுக்குக் கியர் போடுகிற மாதிரி காற்றுக்கும் கியர் போட வேண்டும். ஹேண்டிலின் கீழ் வளைவைப் பிடித்துக் குனிந்தால் நெஞ்சில் வாங்குகிற காற்று குறையும், ஆட்டுக்கொம்பு இருப்பது அதற்காக. சாயந்திரம் அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விடும், அந்த எட்டு கிலோமீட்டருக்கு நீங்கள் ராஜா. மார்கழியில் வாடை அடிக்கும், அது பக்கவாட்டில் வரும், குளிரத்தான் குளிரும்.

இத்தனையும் சொல்லிவிட்டு இதையும் சொல்கிறேன். எட்டு கிலோமீட்டருக்கு ரோடு பைக் அவசியம் இல்லை. கியர் இல்லாத சாதா சைக்கிள் பழசில் மூன்றாயிரத்துக்குள் கிடைக்கும், பத்து நிமிஷம் கூட ஆகும். ஆசைக்கு வாங்குகிறேன் என்றால் வாங்குங்கள், அது தப்பே இல்லை. வீட்டில் மட்டும் சிக்கனம் என்று சொல்லி வாங்காதீர்கள், அடுத்த மாதமே பில் காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி (மயிலாடுதுறை): வாங்கின பழைய ரோடு பைக்கில் பின் டயர் கிழிந்துவிட்டது. கடையில் கேட்டால் "28 இஞ்ச்சுதானே" என்று ஒரு டயர் கொடுத்தார்கள், வீட்டில் தாத்தாவின் அட்லஸ் சைக்கிளிலும் அதே 28 டயர்தான் இருக்கிறது. ஆனால் மாட்டினால் தொளதொளவென்று இருக்கிறது. டயர் மோசமா, ரிம் மோசமா?

பதில்: இரண்டும் மோசமில்லை, அந்த 28 என்கிற பேர்தான் மோசம். தாத்தா சைக்கிளின் டயரில் பக்கவாட்டில் 28×1½ என்று போட்டிருக்கும், அது உட்காருகிற ரிம்மின் விட்டம் 635 மில்லிமீட்டர். ரோடு பைக்கின் 700சி டயரையும் சிலர் 28 என்பார்கள், அதன் ரிம் 622 மில்லிமீட்டர். பதின்மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம், அதுதான் உங்கள் தொளதொள. காற்றடித்து ஓட்டிப் பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், திருப்பத்தில் டயர் கழன்று செயினில் சுற்றும். கடைக்குப் போகும்போது அங்குலத்தைச் சொல்லாமல், கிழிந்த டயரின் ஓரத்தில் சின்ன எழுத்தில் 28-622 என்றோ 32-622 என்றோ ஒரு ஜோடி எண் இருக்கும், அதை எழுதிக்கொண்டு போங்கள். பின்னால் இருக்கிற மூன்று இலக்கம் பொருந்தியே தீர வேண்டும், முன்னால் இருக்கிற அகலத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்.

தாத்தாவின் அட்லஸை விற்றுவிடாதீர்கள். அந்தக் கம்பெனியின் சாஹிபாபாத் ஆலை 2020 ஜூன் 3-ஆம் தேதி, உலக சைக்கிள் தினத்தன்றே உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆலை போனாலும் அந்த மாதிரி வண்டிக்கு டயர், டியூப், போக்ஸ் கம்பி, கோன், பால்ரஸ் எல்லாம் இன்னும் எந்தக் கிராமத்துக் கடையிலும் கிடைக்கின்றன. உங்கள் ரோடு பைக்குக்கு மயிலாடுதுறையில் நாலு கடை ஏறி இறங்குகிறீர்கள் இல்லையா, கணக்குப் பார்த்தால் தாத்தா புத்திசாலி.

கேள்வி (திருவாரூர்): ஆறு கிலோமீட்டரில் இருக்கிற பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். டவுன் பஸ் இலவசம்தான், ஆனால் 8.10 பஸ் வந்தால்தானே. அண்ணன் மகன் தன் பழைய ரோடு பைக்கைச் சும்மாவே தருகிறேன் என்கிறான். சேலையோடு ஓட்ட முடியுமா?

பதில்: முடியாது டீச்சர். சும்மா கிடைக்கிறது என்பதற்காக எடுக்காதீர்கள். அந்த வண்டியில் செயின் கவர் கிடையாது, பின் சக்கரத்துக்கு வலை கிடையாது, நடுக்குழாய் குறுக்கே போகும், கேரியரும் ஸ்டாண்டும் இருக்காது. முந்தானை ஒரு தடவை பல்சக்கரத்தில் சிக்கினால் நீங்கள்தான் விழுவீர்கள், அதுவும் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. சுடிதார் போட அனுமதி இருந்தாலும் வயிற்றை மடக்கிக் குனிந்து ஓட்டுகிற வண்டியில் நோட்டுக் கட்டையும் சாப்பாட்டுக் கூடையையும் எங்கே வைப்பீர்கள்? குறுக்குக் குழாய் இல்லாத லேடீஸ் சைக்கிள், முழுச் செயின் கவர், பின் சக்கர வலை, முன்னால் கூடை, பழசில் இரண்டரை மூன்றாயிரத்துக்குள் பாருங்கள். அண்ணன் மகனிடம் அந்த ரோடு பைக்கை விற்றுக் காசைக் கொடுக்கச் சொல்லலாம், அத்தை கேட்டால் கொடுப்பான்.

கேள்வி (பாபநாசம்): பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த சைக்கிளை எங்கள் தெருவில் ஒருவர் 2,000-க்குத் தருகிறார், வண்டி புத்தம் புதுசு. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அது அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போவதற்குக் கொடுத்தது. வாங்க ஆள் இருப்பதால்தான் விற்கிறார்கள்.

கேள்வி (நாகப்பட்டினம்): இணையத்தில் ஒரு விளம்பரம். இரண்டே வருஷம் ஓடின ரோடு பைக், 7,000 ரூபாய். விற்கிறவர் ராணுவத்தில் இருக்கிறாராம், மாற்றலாகிப் போகிறாராம், பாதிப் பணம் அனுப்பினால் வண்டியை லாரியில் ஏற்றிவிடுகிறேன் என்கிறார். இன்னொன்று இங்கேயே கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டில், 5,000. எது நல்லது?

பதில்: முதல் ஆள் ராணுவத்திலும் இல்லை, அவரிடம் சைக்கிளும் இல்லை. இந்தக் கதையை எழுத்து மாறாமல் சொல்லி நிறையப் பேரிடம் வாங்கிவிட்டார்கள். அடுத்து ஒரு க்யூஆர் படத்தை அனுப்பி "ஸ்கேன் பண்ணுங்க, உங்களுக்குப் பணம் வரும்" என்பார்கள், ஸ்கேன் பண்ணி ரகசிய எண்ணைப் போட்டால் போகிறது உங்கள் பணம். யுபிஐயில் பணம் வாங்குவதற்கு யாரும் ரகசிய எண் போட வேண்டியதே இல்லை. வண்டியைக் கையால் தொடாமல் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள்.

இரண்டாவது வண்டியைப் போய்ப் பாருங்கள், ஆனால் உப்புக்காற்று குடித்த வண்டி என்பதை நினைவில் வையுங்கள். வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டு அந்த இடத்தையே பாருங்கள், கூடத்திலா, கூரை இல்லாத திண்ணையிலா. இரும்பு ஃபிரேமில் அலுமினிய சீட் தண்டு இருந்தால் உப்பு ஈரத்தில் அலுமினியம் அரித்துப் பூத்து, வெல்டிங் வைத்த மாதிரி ஒட்டிக்கொள்ளும். எனக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் அப்படி ஒரு தண்டை எடுக்க எண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊறவைத்து, அப்புறமும் வராமல், ரம்பத்தால் மேலே அறுத்துவிட்டு உள்ளே இருந்ததை அரம் வைத்து ராவி ராவித் துண்டு துண்டாக எடுத்தார், கூலி கேட்கவே வெட்கப்பட்டார். சீட் அளவு உங்களுக்குச் சரியாக இருந்தாலும் தண்டு நகர வேண்டும். போக்ஸ் கம்பிகளின் முனையில் இருக்கும் நிப்பிள் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா, கேபிள் உறையிலிருந்து துருத் தண்ணீர் வடிந்த கறை இருக்கிறதா, இவையும் பாருங்கள். இந்தக் கோளாறு எல்லாம் இல்லை என்றால் ஐந்தாயிரம் நல்ல விலைதான். வாங்கினதும் சீட் தண்டை உருவி கிரீஸ் தடவி மாட்டுங்கள், வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு மாட்டைக் குளிப்பாட்டுகிற மாதிரி வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி (மன்னார்குடி): நீங்கள் சொல்கிற எல்லாம் பார்த்து நல்ல வண்டியாகவே வாங்கிவிட்டேன், 28 டயர். ஆனால் எங்கள் ஊர்ப் பஞ்சர் கடையில் காற்றடிக்க முடியவில்லை, வால்வ் வேறு மாதிரி இருக்கிறது என்கிறார். அறுவடை சமயத்தில் ரோட்டில் நெல்லும் வைக்கோலும் காயப்போட்டிருப்பார்களே, அதில் ஓட்டலாமா?

பதில்: அது ஒல்லியான பித்தளை வால்வ், பிரெஸ்டா என்று பேர். உச்சியில் ஒரு குட்டித் திருகு இருக்கும், அதைத் தளர்த்தி ஒரு தட்டுத் தட்டி லேசாகக் காற்றைச் சீறவிட்டுவிட்டுத்தான் பம்பை வைக்க வேண்டும், கடைக்காரர் அதைத் தளர்த்தாமல் அடித்திருப்பார். தளர்த்தினாலும் கடை பம்பின் மூக்கு அதில் உட்காராது. விரல் நுனி அளவுக்கு ஒரு பித்தளை அடாப்டர் விற்கிறார்கள், ஐம்பது ரூபாய்க்குள், அதை வால்வில் திருகிவிட்டால் மோட்டார் பைக்குக்கு அடிக்கிற எந்தப் பம்பிலும் அடிக்கலாம். இரண்டாக வாங்குங்கள், ஒன்று கட்டாயம் தொலையும். 28 டயருக்கு 70லிருந்து 85 பிஎஸ்ஐ வரை, உங்கள் எடையைப் பொறுத்து. ஒல்லி டயர் சீக்கிரம் இறங்கும், வாரத்துக்கு ஒரு தடவையாவது அடித்தாக வேண்டும். காற்று குறைந்த டயரில்தான் பள்ளத்தில் டியூப் கடிபடும். ஒட்டுப்போடத் தெரிந்துகொள்ளுங்கள், அந்தக் கடைக்காரரே சொல்லிக்கொடுப்பார், ஒரு டீ வாங்கிக்கொடுங்கள்.

நெல் காய்கிற ரோட்டில் ஏறாதீர்கள். அடுத்தவர் சோறு என்பது ஒரு பக்கம், ஒல்லி டயருக்கு அடியில் நெல்மணி பால்ரஸ் குண்டு மாதிரி உருளும், பிரேக் பிடித்தால் விழுவீர்கள். வைக்கோல் இன்னும் பொல்லாதது. தாளடி அறுவடையின்போது ஒருநாள் நீடாமங்கலம் ரோட்டில் நாலடி அகலத்துக்குத்தான் கிடக்கிறது, தாண்டிவிடலாம் என்று மிதித்துக்கொண்டு போனேன். பின் கியருக்கும் போக்ஸ் கம்பிக்கும் நடுவில் கயிறு திரிக்கிற மாதிரி சுற்றிக்கொண்டது, கியர் மாற்றுகிற கொக்கி ஒரே இழுப்பில் சக்கரத்துக்குள் போய்விட்டது. ஓரமாகக் குந்திக்கொண்டு பிளேடால் அறுத்து எடுக்க முக்கால் மணி நேரம். வைக்கோல் திருப்பிக்கொண்டிருந்த அம்மா வந்து பார்த்துவிட்டு, "எறங்கி தூக்கிட்டு வந்திருக்கலாம்ல தம்பி, எடையே இல்ல போலருக்கே" என்றார். ஒன்பதரைக் கிலோ. அதற்கப்புறம் வைக்கோலைப் பார்த்தால் இறங்கித் தோளில் தூக்கிக்கொள்கிறேன்.